மேலே பாத்தாச்சு

ஆனைக்கல் தோட்டத்தில் யேசுதாசன் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் முழிப்பார்கள். அந்தப் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவிலும் அடையாள அட்டையிலும்தான் இருக்கிறது. கஹவத்தையிலிருந்து வருகிற பஸ்ஸை விட்டு ரோட்டு முடக்கில் இறங்கி, "லுக்கப்பு வூடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பொடியனும் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கீழ் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் விட்டுவிட்டு வருவான். அப்பு என்றால் துரை பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிற ஆள். அந்த லுக்கு எங்கிருந்து வந்து ஒட்டியது என்பது தனிக் கூத்து.

பதினாலு வயதில், ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, யேசுதாசன் பங்களாக் குசினியில் கையாளாகச் சேர்ந்தார். வெள்ளைக்காரத் துரைமார் அப்போதே போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய இங்கிலீசு பங்களாவைவிட்டுப் போகவில்லை. அந்தக் காலத்துத் துரை சிங்களவர். வாயைத் திறந்தால் இங்கிலீசு. பையனைக் கூப்பிடும்போதெல்லாம் "லுக் ஹியர்!" என்று ஒரு அதட்டல். பையன் என்ன நினைத்தான்? துரை தனக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார் என்று நினைத்தான். பங்களாவுக்கு வந்த பெரிய கணக்கப்பிள்ளை "ஒம் பேரென்னடா?" என்று கேட்டபோது, கைகட்டி நின்று, "லுக்கியருங்க" என்றானாம். பங்களாச் சமையல்காரரான கோக்கி ஏழுமலை அன்று சாயந்தரமே அதை லயத்துக்கு லயம் போய்ச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான், ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஏழுமலையே பாவப்பட்டுச் சொல்லிக்கொடுத்தார். "லுக்குன்னா பாருன்னு அர்த்தம்டா, மடையா."

அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது பையனுக்கு. லுக் என்றால் பார். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டுகிற சொல்லை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், இங்கிலீசு முழுக்கக் கைக்குள் வந்துவிடும் என்று அன்றைக்கு அவர் மனதில் ஒரு கணக்கு விழுந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் பிழைத்தார்.

துரைசாணி ஒருநாள், "லுக் ஆஃப்டர் த டோக்" என்று சொல்லிவிட்டு இரத்தினபுரிக்குப் போய்விட்டார். டோக் என்றால் நாய். ஆஃப்டர் என்றால் பின்னால் என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட ஞாபகம். ஆக, நாய்க்குப் பின்னால் பார். யேசுதாசன் அன்று பகல் முழுக்க நாயின் வாலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாய் படுத்தால் பின்னால் உட்கார்ந்தார், எழுந்தால் பின்னால் நடந்தார், கீரியைத் துரத்திக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தபோது இவரும் பாய்ந்து முழங்கால் இரண்டையும் கிழித்துக்கொண்டார். துரைசாணி திரும்பி வந்து பார்த்துவிட்டு, இந்த நாயை இப்படிக் கவனித்த ஆள் இதுவரைக்கும் கிடைத்ததில்லை என்று இடுப்பில் கட்ட ஒரு சாரம் வாங்கிக் கொடுத்தார். தப்பாகப் புரிந்துகொண்டதற்குச் சாரம்! மனுஷன் எப்படித் திருந்துவார்?

"லுக் அவுட்!" என்று ஒருதரம் துரை கத்தியபோது, வெளியே பார் என்கிறார் போலும் என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அலமாரி மேலிருந்த பித்தளைச் சட்டி தோளில் விழுந்தது. சீக்கிரம் வா என்பதற்கு "லுக் ஷார்ப்" என்றபோது கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு ஓடினார். துரைசாணியின் தங்கை விடுமுறைக்கு வந்திருந்தபோது இவரைப் பற்றி "குட் லுக்கிங்" என்று சொன்னது காதில் விழுந்தது. நன்றாகப் பார்க்கிறவன் என்று பாராட்டுகிறார்கள் என நினைத்து, அந்த அம்மா இருந்த நாளெல்லாம் கண்ணை அகல விரித்து எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்தார். கடைசியில் துரைசாணி, பையனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டு என்று சொல்லும்படி ஆயிற்று.

சிரிப்பதற்கு முன்னால் நம் வாயையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாம் பெண் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பேய்க்குப் பார்க்கிறோம். குழம்பு ருசி பார்க்கிறோம். நாக்கில் கண்ணா இருக்கிறது? கங்காணி வேலை பார்க்கிறார் என்கிறோம். அது மட்டும் சரி. அவர் பார்க்கத்தான் பார்க்கிறார், செய்கிறதெல்லாம் பொம்பளைகள். இந்த ஒரு சொல்லுக்குள் இத்தனையையும் திணித்து வைத்திருக்கிற நாம், பாவம் அந்த மனுஷனைச் சொல்லி என்ன?

காலம் போகப் போக, துரைமார் மாறினார்கள், ஏழுமலை போய்ச் சேர்ந்தார், யேசுதாசன் பெரிய அப்பு ஆனார். கொழுந்து எடுக்கிற புஷ்பத்தைக் கட்டினார். வினோத், ரோஷானி என்று இரண்டு பிள்ளைகள். பங்களாவில் சிங்களமும் இங்கிலீசும் பாதிக்குப் பாதி என்று ஆகிவிட்டாலும், லயத்தில் அவருக்கிருந்த மவுசு குறையவில்லை. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, கம்பனிக்காரர் வந்தபோது துரையிடம் என்ன பேசினார், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்டு அவருடைய வாசல் ஸ்தோப்புக்குத்தான் வருவார்கள். அப்பு சொல்லிவிட்டால் அப்பீல் இல்லை. அவருக்கும் அது பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்? லயத்துக் காம்பராவில் பிறந்த மனுஷனுக்கு, நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஒரு இடம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

போன மழைக்குத்தான் எல்லாம் கெட்டது.

கீழ் லயத்துக்குப் பின்னால் மலை எழும்பி நிற்கும். நடுவில் ஒரு ஆள் போகிற சந்து, மழைத்தண்ணி ஓடுகிற ஒரு கான், அவ்வளவுதான். அந்த மழையில் கானுக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் விரல் நுழைகிற அளவு. புஷ்பம்தான் விறகு எடுக்கப் போனபோது கண்டாள். அதே வாரத்தில் மேல் லயத்துக்குப் பின்னாலும் வெடிப்பு வந்தது. அங்கே அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். மண்ணைக் கிண்டினார்கள், சுவரை அளந்தார்கள், இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேல் லயத்துச் சனங்களுக்குப் பந்து விளையாடுகிற சமநிலமான மட்டத்தில் சின்னச் சின்ன வீடாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் எல்லாரும் போனபிறகும் அங்கே சில வீடுகள் மிச்சம் கிடந்தன.

கீழ் லயத்துக்கு ஜீப் வரவில்லை.

ரோஷானி கைப்பிள்ளையோடு தாய் வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் தினேஷ் கட்டாரில். பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்தது பின் காம்பராவில், மலைப்பக்கச் சுவரை ஒட்டி. பெல்மதுளையில் தினேஷின் அக்கா கிருஷ்ணகுமாரி, கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது, எல்லாருமாக வந்து இருங்கள் என்று நல்ல மனதோடு கூப்பிட்டாள். புஷ்பத்துக்கு இஷ்டமில்லை.

"சம்பந்தி வூட்டுல போய் ஒட்டிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணாமா? அதிகாரிமாரு வந்து பாக்கட்டும். பாத்து ஆபத்துன்னா அடுத்த நிமிசம் மூட்டையக் கட்டுறேன். ஒன்னுமில்லைனா இங்கயே கெடப்போம்."

"பாக்கவே வரலையேம்மா" என்றாள் ரோஷானி.

லயம் முழுக்க இதே பேச்சுத்தான். பார்த்தார்களா, பார்க்கவில்லையா? அடுத்த காம்பராக் காத்தமுத்து கொஞ்சம் துடிப்பான ஆள். கீழ் லயத்துச் சனம் எல்லாரும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் கஹவத்தைக்கு பஸ் ஏறி, அதிகாரிமார் வேலை செய்கிற கந்தோர் வாசலில் போய் உட்கார்ந்து, எங்களையும் வந்து பாருங்கள், மட்டத்தில் மிச்சமிருக்கிற வீடுகளைத் தாருங்கள் என்று கேட்பது என அவர்தான் முடிவு பண்ணினார். பிள்ளைகாரிகள்கூட வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

போகிறதுக்கு முதல் நாள், மண் பார்க்கிற மிஸ் ஒருத்தர் பங்களாவுக்கு வந்தார். முழங்கால் மட்டும் சேறு, கழுத்தில் அட்டை கடித்த இரத்தம். வராந்தாவில் துரையோடு உட்கார்ந்து தாளை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். யேசுதாசன் தேத்தண்ணித் தட்டோடு போனார். காதைத் தீட்டிக்கொண்டு போனார் என்பதுதான் உண்மை. மகளும் பேரப்பிள்ளையும் அந்தச் சுவருக்குள் இருக்கும்போது யார்தான் தீட்டமாட்டார்கள்?

மிஸ் துரையிடம் இங்கிலீசில் சொன்னார்: "த லோவர் லைன் வாஸ் ஓவர்லுக்ட்."

லோவர் லைன். கீழ் லயம். கோப்பையை வைக்கிற கை அப்படியே நின்றது.

"ஓவர்லுக்ட்?" என்று துரை நிமிர்ந்து கேட்டார்.

"யெஸ்" என்றார் மிஸ், கொஞ்சம் குரலை இறக்கி.

அதற்குள் துரை சீனி கேட்டுவிட்டார். சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பேச்சு ரோட்டுக்கும் பாலத்துக்கும் மாறிவிட்டது. ஆனால் யேசுதாசனுக்கு மிச்சப் பேச்சு தேவைப்படவில்லை. லுக் என்றால் பார். ஓவர் என்றால் மேலே. ஓவர்சியர் என்றால் மேற்பார்வை செய்கிறவர் என்று ரோட்டு வேலை நடந்த காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஆக ஓவர்லுக் என்றால் மேற்பார்வை. கீழ் லயத்தை மேலிடத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள். மலை மேலிருந்தே பார்த்திருப்பார்கள், ஜீப் எதற்கு? மிஸ்ஸின் முகம் ஏன் வாடியிருந்தது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பாவம், அட்டை கடி.

தட்டை அலம்பி வைத்த கையோடு கீழே ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் படிக்கட்டில் அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. ஸ்தோப்பில் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள்.

"பாத்தாச்சு!" என்றார் மூச்சு வாங்க. "மேலே பாத்தாச்சு! மண்ணு பாக்குற மிஸ்ஸே தொரைகிட்ட சொன்னாங்க, எங் காதால கேட்டேன். நம்ம லயத்த மேற்பார்வ பண்ணியாச்சு. ஆபத்துன்னா அப்பவே சொல்லியிருக்க மாட்டாங்களா? ஒன்னுமில்ல. பயப்படாதீங்க."

ஐயோ, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லவா! புஷ்பம் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். காத்தமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"அப்புவே சொல்லிட்டாரு, பெறகென்ன? பாத்த எடத்த மறுபடி பாருங்கன்னு போய்க் குந்தினா அதிகாரிமாரு ஏசுவாங்க. வீணா ஆளுக்கொரு நாள் பேரும் சம்பளமும் விட்டுப்போகும். நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போங்க."

ரோஷானி அன்றே கிருஷ்ணகுமாரிக்குப் போன் எடுத்து, வேண்டாம் மைனி, இங்கே ஒன்றும் பயமில்லையாம், அப்பா விசாரித்துவிட்டார் என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள்.

மாதம் ஒன்று போயிருக்கும். மட்டத்தில் மிச்சமிருந்த வீடுகளுக்குத் தோட்டத்தின் அடுத்த டிவிசனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போய்க் கந்தோர் வாசலில் உட்கார்ந்து கேட்டு வாங்கினார்களாம். அலமாரி, கட்டில் என்று அவர்கள் சாமான்களைச் சுமந்து வந்தபோது கீழ் லயத்து ஆம்பளைகளும் போய் ஒரு கை கொடுத்தார்கள். யேசுதாசன் ஒரு தையல் மெசினைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் போனார்.

பின்னால் வெடிப்பு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. இப்போது அதற்குள் ஒரு ஆளின் கால் போகும். பின் காம்பராச் சுவரில் தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் ஓடிவந்து நின்றது. புஷ்பம் அதில் சுண்ணாம்பை அப்பினாள். ஒரு மழை பெய்தது. சுண்ணாம்பு பிளந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது வினோத் போன் எடுத்தான். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ரூம் துப்புரவாக்கி வைக்கிற வேலை அவனுக்கு. புஷ்பம் சுவர்க் கீறலைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போனை இவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, நெசமாவே பாத்தாங்களா? ஆரு வந்தா?"

"வரல தம்பி. மேலேருந்தே பாத்திருக்காங்க. அந்த மிஸ்ஸே சொன்னுச்சே."

"என்னான்னு சொன்னாங்க? இங்கிலீஸ்ல எப்பிடிச் சொன்னாங்களோ அப்பிடியே சொல்லுங்க."

யேசுதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த வசனம் அவருக்கு மனப்பாடம். ஒரு சொல் விடாமல் சொன்னார், கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

லைன் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றார்.

"இருக்கேன்ப்பா" என்றான் வினோத். "அது மேற்பார்வ இல்லப்பா."

"பின்ன?"

"விட்டுப்போச்சுன்னு அர்த்தம். கீழ் லயத்தப் பாக்காமலே விட்டுட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க."

"ஆரு சொன்னா ஒனக்கு?"

"ஆரும் சொல்லத் தேவையில்லப்பா. நான் தெனம் கேக்குற வார்த்த. ரூம்ல துவாய் வைக்க மறந்துட்டா, வெள்ளக்காரன்கிட்ட மெனேஜர் அப்பிடித்தான் சொல்லி மன்னிப்புக் கேப்பாரு."

யேசுதாசன் சுவரில் சாய்ந்துகொண்டார். லுக் என்று இருக்கிறதே, பார் என்று இருக்கிறதே, அது எப்படிப் பார்க்கவில்லை என்று ஆகும்? துவாய்க்கும் லயத்துக்கும் ஒரே வார்த்தையா?

"வேற அர்த்தமே கெடையாதா தம்பி? நல்லாப் பாரு. போன்ல வருமில்ல, பாத்துச் சொல்லு."

பிள்ளை பொறுமையாகப் பார்த்துச் சொன்னான். கடலுக்கு மேலே உயரத்தில் இருக்கிற ரூமுக்கும் அந்தச் சொல்தான், கீழே கடலைப் பார்த்தபடி இருப்பதால். ஒருத்தன் செய்த பிழையைக் கண்டும் காணாமல் விடுவதற்கும் அதே சொல்தான். கண்ணூறு போடுவதற்குக்கூட எந்தக் காலத்திலோ அதைச் சொல்லியிருக்கிறார்களாம். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"மேற்பார்வன்னும் ஒன்னு போட்டிருக்குப்பா."

"பாத்தியா! பாத்தியா, நான் சொன்னேன்ல?"

"பழைய பாவிப்புன்னு போட்டிருக்குப்பா. இப்ப ஆரும் அப்பிடிச் சொல்றதில்ல."

என்ன பாஷை இது, சொல்லுங்கள்! ஒரே சொல் பார்த்தேன் என்றும் சொல்லும், பார்க்கவில்லை என்றும் சொல்லும். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை வெடித்த மலைக்கடியில் படுக்கவைத்திருக்கிறார் ஒரு மனுஷன். அவருக்குக் கோபம் வரவில்லை. போனைப் புஷ்பத்திடம் கொடுக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார்.

துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யேசுதாசன் சிங்களத்திலேயே கேட்டார். கீழ் லயத்தைப் பார்க்காமல் விட்டார்களா, மஹத்தயா?

"ஆமாம்" என்றார் துரை. "அன்றைக்கே தெரியுமே. மிஸ் வந்து சொன்னபோது நீயும் அங்கேதானே நின்றாய்?"

"மட்டத்து வீடு, மஹத்தயா? எங்களுக்கு?"

துரை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். உங்கள் ஆட்கள் கேட்டு வருவார்கள் என்று அதிகாரிகள் பார்த்திருந்தார்கள். கந்தோருக்கு வரப்போவதாகக்கூடப் பேச்சு இருந்தது. பிறகு ஒருத்தரும் வரவில்லை. லயத்தைவிட்டுப் போக விருப்பமில்லையாக்கும் என்று நினைத்து, கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அங்கே ஒரு வீடும் மிச்சமில்லை. அடுத்தமுறை கட்டும்போது கேட்கலாம் என்றார்.

"அடுத்தமொற எப்பங்க மஹத்தயா?"

துரை மலைப்பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தார். "பலமு, அப்பு" என்றார்.

யேசுதாசன் கும்பிட்டுவிட்டு இறங்கினார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தவித்தார். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் ஒரு எண்ணம் வந்துபோனது. ஆனால் அவர் போவதற்குள் வினோத் மறுபடியும் போன் எடுத்துத் தாயிடம் சொல்லிவிட்டிருந்தான். ஸ்தோப்பில் எல்லாரும் நின்றார்கள். வழக்கமாக அவர் வரும்போது வழிவிட்டு ஒதுங்குவார்கள், அன்றைக்கு அப்படியே நின்றார்கள்.

"பாத்தாச்சுன்னீங்களே!" புஷ்பம் அத்தனை பேருக்கு முன்னால் கத்தினாள். "மேலே பாத்தாச்சுன்னு ஓடி வந்தீங்களே! நாளைக்குப் போறோம்னு நின்ன சனத்த நிப்பாட்டிப்புட்டீங்களே! கேட்டுக்கிட்டு போனவன் குடியேறிட்டான், அவன் மெசினத் தலையில தூக்கிட்டுப் போய் வச்சுட்டு வந்தீங்களே, பாவி மனுசா!"

கட்டின நாளிலிருந்து அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம் புள்ள. எந் தப்புத்தான். எனக்கு லுக்கு மட்டுந்தான் தெரியும். மத்ததெல்லாம் நானா ஒட்டிக்கிட்டது."

ரோஷானி அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பெல்மதுளைக்குப் பேசுகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சீக்கிரமே திரும்பி வந்தாள். அந்த அறையை நாங்கள் வேண்டாம் என்று சொன்னபிறகு கம்பனியில் வேலை செய்கிற இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்களாம், மைனி ரொம்ப வருத்தப்பட்டாராம் என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

காத்தமுத்து ஏசுவார் என்று எதிர்பார்த்தார் யேசுதாசன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பீடியைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "தொரை என்னா சொன்னாரு, அப்பு?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்தமொற கட்டுறப்பன்னாரு."

"எப்பயாம்?"

"பலமுன்னாரு."

பார்ப்போம் என்பதற்குச் சிங்களத்தில் பலமு. ஆனால் வருஷக்கணக்கில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்களுக்கு அது என்ன என்று தெரியும். தண்ணிக் குழாய்க்குப் பலமு. கக்கூசுக்குப் பலமு. காணித் துண்டுக்குப் பலமு. காத்தமுத்து பீடியை எறிந்துவிட்டு உள்ளே போனார். பெண்கள் ஒவ்வொருத்தராக அவரவர் காம்பராவுக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புவிடம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

சாயந்தரம் மழை பிடித்தது. கோயிலில் போய்ப் படுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கோயில் இருப்பதும் அதே மலையடியில்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா என்றால், அதற்கு அதிகாரி சொல்ல வேண்டும், அதிகாரி சொல்வதற்கு வந்து பார்க்க வேண்டும். புஷ்பமும் ரோஷானியும் தொட்டிலை அவிழ்த்து முன் காம்பராவில் கட்டினார்கள். மலைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இன்னும் ஒரு சுவர் கூடியது, அவ்வளவுதான். சட்டி பானைகளை முன்னால் கொண்டுவந்தார்கள். அடையாள அட்டைகளையும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் புஷ்பம் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

யேசுதாசன் பின்வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கான் நிரம்பி ஓடியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. வெடிப்பின் வாயில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளிச்சம் இருக்கிறமட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புஷ்பம் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கோபம் தீரவில்லை, முகம் அப்படியே இருந்தது. ஆனால் போகாமல் நின்றாள்.

"மழையில குந்திக்கிட்டு என்னாத்தப் பாக்குறீங்க?"

"மண்ணத்தான். அசையுதான்னு பாக்குறேன்."

அவளும் கொஞ்ச நேரம் அந்த மண்ணைப் பார்த்தாள். உள்ளே பிள்ளை அழுதது, ரோஷானி ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"பாருங்க" என்றாள் புஷ்பம். "நீங்களாவது பாருங்க."